வன்னியில் சல்சா நடனம் வளருமா? வெளியிலிருந்து எப்படி ஆதரிக்கலாம்?

வளரும். கிளிநொச்சியில் ஆறு பேருடன் தொடங்கிய வகுப்பு இன்று இருபது பேரைத் தாண்டி நிற்கிறது. அதை நடத்துகிறவள் நான். கேள்வியைப் பார்த்தால், நீங்கள் ஊரைவிட்டுப் போய் நெடுங்காலமாகி, போன நாட்டில் சல்சா பழகி, இங்கேயும் அது வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர் என்று படுகிறது. அந்த ஆசையை மதிக்கிறேன். அதனால்தான் சிலவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கொழும்பில் வேலை பார்த்த நான்கு வருடங்களில் நான் பழகிய நடனம் இது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கொட்டகையைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்தேன். வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, எனக்குச் சொல்லித்தந்த முறைப்படியே முதல் நாளே ஆணையும் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்திக் கை பிடிக்க வைத்தேன். அடுத்த கிழமை இரண்டு பெண்கள் வரவில்லை. ஒருத்தியின் தாயைச் சந்தையில் கண்டேன். "பிள்ளை, நீ பிழையாக எதுவும் செய்யவில்லை. ஆனால் வேலியால் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு யார் விளக்கம் சொல்வது?" என்றார். கோபமில்லாமல் சொன்னதால் அது இன்னும் உறைத்தது.

அதன்பிறகுதான் ருவேடாவுக்கு மாறினேன். 1950களின் கடைசியில் கியூபாவின் ஹவானாவில் உருவான, சல்சா வகையைச் சேர்ந்த வட்ட ஆட்டம் அது. சோடிகள் வட்டமாக நிற்க, ஒருவர் குரல் கொடுப்பார். எல்லாரும் ஒரே அசைவைச் செய்வார்கள். "டாமே" என்று குரல் வந்தால் கையிலிருக்கும் சோடியை விட்டு அடுத்த சோடிக்கு நகரவேண்டும். ஸ்பானிய மொழியில் "எனக்குத் தா" என்று பொருள். கும்மியும் கோலாட்டமும் வட்டக்களரியும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு வட்டம் பழகியது. அந்தத் தாய் மகளை மறுபடியும் அனுப்பினார். முதல் மாதம் முழுவதும் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

தாளத்தைத்தான் என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. எட்டு எண்ணிக்கையில் ஒன்று இரண்டு மூன்று, ஐந்து ஆறு ஏழு என்று காலடி; நான்கிலும் எட்டிலும் நிறுத்தம். இது எல்லாருக்கும் வந்துவிடும். ஆனால் பாட்டுக்குள் ஓடும் கிளாவே என்ற அடித்தாளம் ஐந்து தட்டு: ஒன்று, இரண்டரை, நான்கு, பிறகு ஆறு, ஏழு. கைதட்டிக் காட்டும்போது நானே தவறிவிடுவேன். மருமகளை முச்சக்கர வண்டியில் ஏற்றிவந்து காத்திருக்கும் அண்ணை ஒருவர், ஒருநாள் உடைந்த வாங்கின் இரண்டு சட்டங்களை எடுத்துத் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டும் பிசகவில்லை. இளவயதில் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்தவராம். "முதல் மூன்றும் இழுபடுகிறது, பின் இரண்டும் நேராக விழுகிறது. அவ்வளவுதானே தங்கச்சி?" என்றார்.

2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். செயற்கைக் கால் சுழலாது; ஆகவே ஒற்றைக் காலில் சுற்றாமல் மூன்று சிறு அடிகளில் திரும்புகிறார். எங்கள் சொரசொரப்பான சீமெந்துத் தரையில் பாதம் ஒட்டிக்கொள்ள முழங்கால் மட்டும் முறுகும். மற்றவர்களும் நோவோடுதான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லாரும் அவர் திரும்புவது போலவே திரும்புகிறோம். வட்டத்துக்குக் குரல் கொடுப்பவரும் அவர்தான்.

இதை வாசித்துவிட்டு, "இவ்வளவு பேர் செத்த மண்ணில் ஆட்டமா?" என்று கேட்க வருகிறவர்கள் இருப்பீர்கள். நானும் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றுகிறவள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு வருடமும் தவறியதில்லை. கூத்தை விட்டுவிட்டு இதை ஆடுங்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சல்சாவும் சொகுசில் பிறந்ததல்ல. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் மேளம் கியூபாவில் ஊறி, 1960களிலும் 70களிலும் நியூயோர்க்கில் குடியேறிய புவேர்ட்டோ ரிக்கர், கியூபர் நடுவே இந்தப் பெயரோடு நிமிர்ந்தது. கொலம்பியாவின் காலி நகருக்கு, நம் தென்னிலங்கைக் காலி அல்ல, அது இசைத்தட்டு வழியாகவே போனது. அங்கே நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு வேகமாக ஆடித் தமக்கென ஒரு பாணியையே உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்கள் செய்ததை நாங்கள் செய்யக்கூடாதா?

ஆதரவு என்று கேட்டீர்கள். முதலில் படம் பிடிக்காதீர்கள். போன வருடம் விடுமுறையில் வந்த ஒருவர், கேட்காமலே எங்கள் வட்டத்தைக் கைபேசியில் எடுத்து முகநூலில் போட்டார். பாராட்டித்தான் எழுதியிருந்தார். கீழே வந்த கருத்துகள் பிள்ளைகளின் உடுப்பையும் ஒழுக்கத்தையும் குதறின. மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குப் பேசிக்கொண்டிருந்த கலியாணமும் குழம்பியது. போட்டவர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார். அந்த மூன்று வீட்டுப் படலையிலும் நின்று மன்னிப்புக் கேட்டவள் நான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வகுப்பை ஐந்தரைக்கே முடிக்கிறேன், ஏனென்றால் அக்கராயனுக்கும் வட்டக்கச்சிக்கும் போகிற பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு நம்பி நிற்க பஸ் இல்லை. ஏ9 வீதியைப் பார்த்துவிட்டு வன்னி வளர்ந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். அந்த வீதியிலிருந்து நான்கு கிலோமீற்றர் உள்ளே போய், மாரியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்க்கவேண்டும். ஆடவருகிற பிள்ளைக்கு மட்டுமா இது? பிரத்தியேக வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிக்கும் இதே கதைதான். எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று.

காசு அனுப்புவதென்றால் மேடைக்கும் மினுமினுக்கிற பாவாடைக்கும் அனுப்பாதீர்கள். கொட்டகை வாடகைக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை போதும். தரைக்கு ஒட்டுப்பலகை போட முடிந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும்விட, ஆடியில் ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை வந்து வட்டத்தில் நில்லுங்கள். நன்றாக ஆடத் தெரிந்தவருடன் கைகோக்க எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

வரும்போது பழைய பருத்திக் காலுறைகள் ஒரு பை நிறையக் கொண்டு வாருங்கள். சப்பாத்துக்கு மேலே இழுத்துப் போட்டால் பாதம் ஒட்டாது. எங்கள் தரையில் ஒரு சோடி மூன்று கிழமை தாங்காது.