உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு மாதாமாதம் பரிசோதனை?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை. வயது 42. ஐந்து மாதத்துக்கு முன் அம்மாவின் கிட்னியை எனக்கு வைத்தார்கள். ஒரு தொந்தரவும் இல்லை, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.2தான். ஆனாலும் மாதாமாதம் சேலத்துக்கு வந்து பி.கே. வைரஸுக்கு ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலி போகிறது. போன மாதம் வைரஸ் தெரிகிறது என்று ஒரு மாத்திரையையும் குறைத்துவிட்டார்கள். குறைத்தால் உடம்பு கிட்னியை ஒதுக்கிவிடாதா?

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது லேசான வேலையில்லை, தெரியும். ஆனால் இந்த வைரஸ் காய்ச்சல், வலி எதையும் காட்டாது. நம்மில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் பேசாமல் கிடக்கும். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் தலைதூக்குகிறது. முதலில் சிறுநீரில் தெரியும், அப்புறம் ரத்தத்தில், பிறகு கிட்னியின் திசுவைப் பிடிக்கும். கிரியேட்டினின் ஏறுவது அதற்கும் பிறகுதான். அதற்குள் திசுவில் தழும்பு விழுந்திருக்கலாம். அதனால்தான் முதல் வருடம் இத்தனை கெடுபிடி.

பி.கே.வைக் கொல்லும் என்று உறுதியான மருந்து இதுவரை இல்லை. மாத்திரையைக் குறைத்து, உங்கள் உடம்பையே அதை அடக்கவிடுவதுதான் வைத்தியம். ஒதுக்கிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். அதைக் கவனிக்கத்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ, மேலும் குறைக்கவோ வேண்டாம்.

ரிப்போர்ட்டில் வைரஸ் எண்ணிக்கையை ‘லாக்’ என்று போட்டு 3, 4 என்று சுருக்கியிருந்தால், கொஞ்சம்தான் என்று ஏமாறாதீர்கள். 3 என்றால் ஒரு மில்லி ரத்தத்தில் ஆயிரம், 4 என்றால் பத்தாயிரம். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுங்கள். லேபுக்கு லேப் எண்ணிக்கை மாறும். ஏறியதா இறங்கியதா என்று எங்களுக்கே குழப்பம்.

இன்னொன்று. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றும் அன்றைக்கே பார்ப்பார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறைய. அளவு பொய்யாக ஏறிக்காட்டும். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாருங்கள், ரத்தம் கொடுத்த கையோடு போடுங்கள். பம்ளிமாஸ் பழம் மட்டும் வேண்டாம், அது இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அது சி.எம்.வி. என்ற வேறு வைரஸாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் அன்றைக்கே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.