நின்ற தண்ணீர், தொங்கும் தண்ணீர்

வணக்கம் ஐயா,

மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. தமிழ் அவர்களுக்குப் பாடப்புத்தகத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்காக ஒரு நவீன தேவதைக் கதை எழுதியிருக்கிறேன். சிண்டரெல்லாவை நம் ஊர் மீனாவாக்கினேன். பரங்கிக்காய் மெட்ரோ ரயிலாகிறது. இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று நள்ளிரவு, மந்திரம் கலைவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கடைசியில் மீனா இளவரசனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போகிறாள். மொத்தம் 900 சொற்கள், இணைத்திருக்கிறேன். தோழி ஒருவர் படம் வரைகிறார். 40 பிரதி எடுக்க எண்ணம். தமிழும் கிரியோலும் ஒரே பக்கத்தில் வரலாமா, எது மேலே? முடிவில் நீதி வேண்டுமா? எந்த எழுத்துரு நல்லது?

ச.

அன்புள்ள ச.,

‘பாடப்புத்தகத்துக்குள் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். தமிழை அங்கிருந்து வெளியே கூட்டிவர ஒரு டீச்சர் தன் கைக்காசில் 40 பிரதி எடுக்கக் கிளம்புகிறார் என்றால் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்டுவிட்டேன். இனி திட்டலாம்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எழுத்துரு எதுவானாலும் சரி, யூனிகோடாக இருக்கட்டும், எழுத்தின் அளவு 20 புள்ளிக்குக் (பாயின்ட்) குறைய வேண்டாம். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் வால் நீளும், அதனால் வரி இடைவெளி ஒன்றரை மடங்கு வையுங்கள். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும். இரண்டு பக்கமும் இழுத்துச் சீராக்கினால் நீளமான சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடம் விழும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை அந்த ஓட்டையில் தடுக்கி விழும். அச்சுக்குத் தரும் கோப்பில் ‘கொ’ உடைந்து, ஒற்றைக்கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நீதி வேண்டாம். சிண்டரெல்லாவை எழுதிய பிரெஞ்சுக்காரர் பெரோ 1697இல் தன் கதைகளின் வாலில் செய்யுளாகவே நீதி கட்டினார். சிண்டரெல்லாவுக்கு ஒன்றல்ல, இரண்டு. அவற்றில் ஒன்றையாவது உங்களால் சொல்ல முடியுமா? ஆனால் கண்ணாடிச் செருப்பு நினைவிருக்கிறது, பரங்கிக்காய் நினைவிருக்கிறது. ஊர்ப்பெயரை மாற்றுவதும் குற்றமில்லை. கிரிம் சகோதரர்களின் சிண்டரெல்லாவில் பரங்கிக்காயே கிடையாது, செருப்பும் தங்கம்.

எது மேலே, எது கீழே? 1998இல் ரூபாய் நோட்டில் இந்தி மேலேயும் தமிழ் கீழேயும் வந்து, கலகமாகி, நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்ட நாடு இது. அந்த வம்பு உங்களுக்கு வேண்டாம். உண்மையான காரணம் வேறு: இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிள்ளை சுலபமானதைப் படித்துவிட்டுப் போய்விடும், தமிழ் வெறும் கோலமாக ஓரத்தில் கிடக்கும். இரண்டு தனிப் புத்தகமாகப் போடுங்கள், படம் ஒன்றே. அதற்கு எழுத்து முழுவதும் தனிக் கறுப்பில் இருக்க வேண்டும். இருட்டுப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து கூடாது, கடைப் பலகையிலோ சுவரிலோ படத்தோடு சேர்த்து எழுத்து வரையவும் கூடாது. நாளைக்கு ஆயிரம் பிரதி ஆஃப்செட் அச்சில் போக நேர்ந்தால், நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுத் தகட்டில் கறுப்பை மட்டும் மாற்றினால் மொழி மாறிவிடும்.

இப்போது நள்ளிரவு. அதை ஏன் எடுத்தீர்கள்? இந்தக் காலத்துக்குப் பொருந்தாதா? கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இந்தக் காலத்தவர்கள் இல்லையா? பன்னிரண்டு மணி அடிக்கும் என்ற ஒரே பயம்தான் அந்தக் கதையில் பிள்ளையைப் பக்கம் திருப்ப வைக்கிறது. பரங்கிக்காய்க்குச் சக்கரம் மாட்டிவிட்டு எஞ்சினைக் கழற்றிவிட்டீர்கள். கல்லூரிக்குப் போகும் மீனா நல்ல பெண்தான், நானும் வாழ்த்துகிறேன். ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன என்று உங்கள் 900 சொற்களில் எங்கேயாவது கேட்கத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் கதை மாறும் இடத்துக்குத் திருப்பம் என்று பெயர். படக்கதையில் திருப்பம் என்றால் தாளைத் திருப்புவதுதான். இது நமக்கு அந்நிய வித்தையும் இல்லை. இந்தத் தீவில் கதை சொல்கிறவர் ‘சிராந்தான்?’ என்பார், கூட்டம் ‘சாம்பெக்!’ என்னும். பிறகு விடுகதை வரும். ‘தீலோ திபூ?’, நின்ற தண்ணீர். கரும்பு. ‘தீலோ பாந்தான்?’, தொங்கும் தண்ணீர். தேங்காய். ஷார்ல் பெசாக் 1888இல் தொகுத்து அச்சிட்ட மொரிஷியஸ் கதைகளோடு இந்த விடுகதைகளும் உண்டு. கேள்விக்கும் விடைக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, புத்தகத்தில் அதுதான் தாளின் தடிமன். கேள்வி வலப்பக்கத்தில், விடை திருப்பியபின் இடப்பக்கத்தில். ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம் வரும், ஆகவே 3, 5, 7 என்று ஒற்றைப்படைப் பக்கமெல்லாம் கேட்க வேண்டும். இரண்டையும் எதிரெதிரே வைத்துவிட்டால் விடுகதை செத்தது.

மீனா சற்று ஓரமாக உட்காரட்டும். கை பழக, ராஜாவின் குளத்தில் திருட்டுக் குளியல் போடும் முயலை எடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கிரியோலில் தெரிந்த கதைதான். ஏ3 தாள் நான்கு. பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம், எட்டுத் திருப்பம். எந்தப் பக்கம் எதோடு சேரும் என்று குழம்பவே வேண்டாம். ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் 17 வரும்: 16உம் 1உம், 2உம் 15உம், அப்படியே போய் நடுவில் 8உம் 9உம்.

பக்கம் 1 தலைப்பு. 2-3இல் குளம், ‘ராஜாவின் குளம். யாரும் இறங்கக் கூடாது.’ திருப்பினால் 4-5இல் பெரிய தண்ணீர்ச் சிதறல், இரண்டு காது. எழுத்து ‘தொபுக்!’ மட்டும். 6-7இல் ராஜா கேட்கிறார், ‘குளத்தைக் கலக்கியது யார்?’ முயல் சொல்கிறது, ‘நான் இல்லை.’ இங்கேதான் உங்கள் தோழிக்கு வேலை. முயலின் பின்னால் குளம் வரைக்கும் ஈரக் காலடி. எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. ராஜாவுக்குத் தெரியாதது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, இனி அது சும்மா இருக்காது, விரலை வைத்துக்காட்டிக் கத்தும். எந்த மொழியில் கத்தினாலும் கத்தட்டும்.

8-9: ‘குளக்கரையில் ஒரு புதுக் கல்.’ படத்தில் கல்லுக்கு நான்கு குட்டிக் கால், மேலே பளபளவென்று பசை. திருப்பினால் 10-11இல் முயல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. எழ முடியவில்லை. வலப்பக்கக் கடைசி வரி: ‘விடு! விடாவிட்டால் அடிப்பேன்!’ 12இல் கை ஒட்டிக்கொண்டது. 13இல் ‘உதைப்பேன்!’ 14இல் கால் ஒட்டிக்கொண்டது. 15இல் ‘முட்டுவேன்!’ 16இல் எழுத்தே வேண்டாம். ஆமை அரண்மனைக்கு நடந்துபோகிறது, முதுகில் முயல்.

எண்ணிப்பாருங்கள், முப்பது சொல்கூடத் தேறாது. அடிப்பேன், உதைப்பேன், முட்டுவேன் என்று மூன்று முறை கேட்டபின் ‘-வேன்’, ‘-பேன்’ எதற்கு வருகிறது என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் கைப்பிரதியின் முதல் வாக்கியத்தில் ‘நடந்துகொண்டிருந்தபோது’ என்று வருகிறது. கிரியோல் பேசும் வாய்க்கு அது ஏணி வைத்து ஏற வேண்டிய சொல். வெட்டுங்கள்.

முதலில் பழைய தாளில் பென்சிலால் ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்து மூன்று பிள்ளைகளுக்கு வாசியுங்கள். நீங்கள் திருப்புவதற்குமுன் பிள்ளையின் கை தாளுக்கு வருகிறதா பாருங்கள். வராத பக்கத்தில் கதை நொண்டுகிறது. படத்துக்கு வண்ணம் தீட்டியபின் இதைக் கண்டுபிடித்தால் தோழி உங்களோடு பேசமாட்டார்.

அச்சுக்கு 80 ஜிஎஸ்எம் எடையுள்ள மெல்லிய தாள் மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். பின்பக்கத்துப் படம் முன்பக்கத்தில் நிழலாடும், ஒட்டிய கை அடிப்பதற்கு முன்பே தெரிந்துபோகும். 120 எடுங்கள். இருபக்க அச்சில் ‘குறுகிய ஓரம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் தலைகீழாக வரும். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் ஒருமுறை அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் முதுகில் வெடிக்காது. நீளக்கை ஸ்டேப்ளர் இல்லாவிட்டால் சாதாரண ஸ்டேப்ளரை விரித்து, அடியில் பழைய அட்டை கொடுத்து, முதுகின் வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு பின் குத்துங்கள். அட்டையை எடுத்துவிட்டு, உள்ளே நீட்டும் கால்களைக் கரண்டியின் முதுகால் மடக்கித் தட்டுங்கள்.

அந்தக் கால்கள் வந்து உட்காருவது 8-9க்கு நடுவில். கல்லை இடப்பக்கத்திலும், எட்டிப்பார்க்கும் முயலை வலப்பக்கத்திலும் வைத்து, மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெறும் புல்லாக விடச் சொல்லுங்கள். முயலின் கண்ணில் பின் ஏறக்கூடாது.