குருவிக்கு எவ்வளவு கொழுப்பு?

பாடும் பறவைகளின் தீனி, எடை, குளிர், வெயில் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒன்றின் பதில் இன்னொன்றுக்குத் தேவைப்படுகிறது. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

அறையில் 20 டிகிரி இருக்கும்போதே என் ஜீப்ரா ஃபின்ச் குருவி ஜோடி இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நமக்கு இதமான வெப்பம் அவற்றுக்குக் குளிரா?

ஆமாம், குளிர்தான். பறவையின் உடல் வெப்பம் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். பதினைந்து கிராம்கூட இல்லாத உடம்பில் அந்தச் சூட்டைக் கட்டிக்காப்பது எளிதல்ல. உடல் சிறிதாக ஆக, எடையோடு ஒப்பிட்டால் சூடு வெளியேறும் பரப்பு கூடிவிடும். எந்தப் பறவைக்கும் ஒரு சௌகரிய எல்லை உண்டு. அதற்குள் இருக்கும்வரை சூட்டுக்கென்று தனியாக எரிபொருள் செலவாகாது. ஜீப்ரா ஃபின்ச்சுக்கு அந்த எல்லையின் கீழ்விளிம்பே ஏறக்குறைய 30 டிகிரி. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் செலவு நேர்கோட்டில் ஏறும்.

ஏறுகிற செலவை ஈடுகட்டுவது நடுக்கம். குட்டி எலிக்கும் மனிதக் குழந்தைக்கும் இருப்பதுபோலச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு பறவைக்குக் கிடையாது. மார்புத் தசைகள் நுண்ணியதாக நடுங்கியே சூட்டை உண்டாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த நடுக்கத்துக்கு முக்கிய எரிபொருள் கொழுப்பு.

இதனால் 20 டிகிரி ஆபத்து என்று பொருளில்லை. தீனி போதுமான அளவு இருந்தால், இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகப் பழக்கிய ஆரோக்கியமான ஃபின்ச் அதைத் தாங்கும். ஒரே நாளில் பத்து டிகிரி இறங்குவதும், கூண்டின் மேல் நேராகக் காற்று அடிப்பதும்தான் தொல்லை. காற்று இறகுகளுக்கு நடுவே தங்கியிருக்கும் சூடான காற்றைக் கலைத்துவிடும்.

இறகு உப்பியிருப்பது குளிரா, நோயா என்று அறிய ஒரு வழி உண்டு. கூண்டின் ஒரு மூலையை மட்டும் 30 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிரால் உப்பிய பறவை அங்கே போய் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் இறகைப் படியவிட்டுத் தீனிக்கு இறங்கிவிடும். அங்கேயும் உப்பியபடி, பகலில் இரு காலையும் ஊன்றித் தூங்கி வழிந்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய பறவை அது. சூடாக்க ஒளி தராத பீங்கான் ஹீட்டர் நல்லது. டெஃப்லான் பூச்சுள்ள சூட்டு விளக்கு வேண்டவே வேண்டாம். சூடேறினால் அதிலிருந்து வரும் ஆவி பறவையின் நுரையீரலைச் சில நிமிடங்களில் பாழாக்கிவிடும்.

அப்படியானால் குளிர்காலத்தில் சூரியகாந்தி விதையை எவ்வளவு கூட்டலாம்?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு ஃபின்ச் நாளுக்கு 4 கிராம் தினை தின்பதாக வைப்போம். தினையில் கொழுப்பு சுமார் 4 சதவீதம், ஆக 0.16 கிராம். அதில் அரை கிராமை எடுத்துவிட்டு உமி நீக்கிய சூரியகாந்திப் பருப்பு வையுங்கள். பருப்பில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. இப்போது மொத்தக் கொழுப்பு 0.39 கிராம், இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஆற்றல் கூடியது வெறும் 4 கிலோஜூல் அளவுதான். 64 இருந்த இடத்தில் 68.

கைப்பிடியாக அள்ளிப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குளிருக்குத் தேவைப்படும் கூடுதல் ஆற்றலைப் பறவை பெரும்பாலும் அதிகம் தின்றே சம்பாதித்துக்கொள்ளும். கொழுப்பு விதை செய்வது, அதே இரைப்பையில் கொஞ்சம் கூடுதல் எரிபொருளை அடைத்துக் கொடுப்பது. தீனியின் எடையில் எண்ணெய் விதை எட்டில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டியதில்லை. பொறுக்கித் தின்னும் கேனரியாக இருந்தால் கலவைக் கிண்ணம் வைக்காமல், எண்ணெய் விதையைத் தனியாக எண்ணி வையுங்கள். கலந்து வைத்தால் அது சூரியகாந்தியை மட்டும் தின்றுவிட்டுத் தினையை இறைத்துவிடும்.

பறவைக்குக் கொழுப்பு உற்பத்தியாவது பெரும்பாலும் ஈரலில். தேவைக்கு மேல் தீனி, பறக்க இடமில்லாத கூண்டு, இளஞ்சூடான அறை மூன்றும் சேர்ந்தால் முதலில் கெடுவதும் ஈரலே.

எடை நேற்றும் இன்றும் ஒன்றுதான், ஆனாலும் பறவை மெலிந்ததுபோலத் தெரிகிறது. எதை நம்புவது?

கண்ணையும் விரலையும் நம்புங்கள். எடையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை எப்போது எடுத்தது என்பது முக்கியம். குளிரான இரவில் சிறு பறவை பத்தில் ஒரு பங்கு எடையை இழந்துவிடும், பகலில் மீண்டும் ஏற்றிக்கொள்ளும். காலை 13 கிராமும் மாலை 14.2 கிராமும் ஒரே பறவையின் ஒரே நாள் எடையாக இருக்கலாம். அதனால் விளக்கு போட்டதும், தீனி வைப்பதற்கு முன்பு, 0.1 கிராம் காட்டும் தராசில், எப்போதும் அதே நேரத்தில் எடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை.

அடுத்து, பறவையை மல்லாக்கப் பிடித்துக் கழுத்தின் அடியில் உள்ள இறகை ஒரு ஸ்ட்ராவால் ஊதி விலக்குங்கள். இரு தோள்களையும் இணைக்கும் கவை எலும்புக்கு நடுவே ஒரு பள்ளம் தெரியும். அதில் செந்நிறத் தசை மட்டும் தெரிந்தால் கொழுப்பு இல்லை. அடியில் மஞ்சள் கோடு ஓடினால் கொஞ்சம். பள்ளம் பாதி நிரம்பியிருந்தால் நடுத்தரம். நிரம்பி மேடாகப் பிதுங்கி, வயிற்றுத் தோலின் அடியிலும் மஞ்சளாகத் தெரிந்தால் மிக அதிகம். காட்டுப் பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையமிடுவோர் இதையே 0 முதல் 5 வரை, அல்லது 0 முதல் 8 வரை எண் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். எந்த அளவுகோலில் எழுதினோம் என்பதையும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

அதே கையில் நெஞ்செலும்பின் விளிம்பைத் தடவுங்கள். கத்தி முனைபோல் உறுத்தினால் தசை கரைந்திருக்கிறது. இருபுறமும் தசை மேடாக நின்று விளிம்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. உங்கள் பறவைக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான்: தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒரே எடை.

தசை கரைவது ஏன் கவலைக்குரியது? 20 கிராம் பறவை ஒரு குளிர் இரவைக் கடக்க ஏறக்குறைய 30 கிலோஜூல் வேண்டும் என்று வையுங்கள். ஒரு கிராம் கொழுப்பு 39 கிலோஜூல் தரும். ஆக முக்கால் கிராம் கொழுப்பில் இரவு முடிந்துவிடும். அதையே தசையை எரித்துப் பெற வேண்டுமென்றால், தசையின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், 6 கிராம் போகும். அதாவது உடம்பில் மூன்றில் ஒரு பங்கு.

எண்ணெய் விதை எல்லாம் ஒன்றுதானே? ஆளி விதை, சூரியகாந்தி, தேங்காய் எண்ணெய் எதைக் கொடுத்தால் என்ன?

ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். வழக்கமான சூரியகாந்தியில் பெரும்பங்கு லினோலெயிக் (ஒமேகா-6). ஆளியில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் (ஒமேகா-3). ஓலெயிக் என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்தைப் பறவையால் தானே தயாரித்துக்கொள்ள முடியும். லினோலெயிக், லினோலெனிக் இரண்டையும் தீனியிலிருந்துதான் பெற வேண்டும். தின்றது சில வாரங்களில் சேமிப்புக் கொழுப்பிலும் தசைச் செல்களின் சவ்விலும் பிரதிபலிக்கும். மீன் எண்ணெய் கொடுத்த பறவையின் தசையைச் சோதித்தால் மீன் எண்ணெய் தெரியும்.

பலர் நினைப்பது: குளிரில் வெண்ணெய் உறைவதுபோல நிறைவுற்ற கொழுப்பு பறவையின் உடம்பிலும் உறைந்துவிடும், எனவே நிறைவுறா எண்ணெய் வேண்டும் என்று. 40 டிகிரி உடம்பில் அப்படி உறைவதில்லை. வேறுபாடு வேறிடத்தில். சேமிப்பிலிருந்து இரத்தத்துக்கு விடுவிக்கப்படுவதில் நீளம் குறைந்த, இரட்டைப் பிணைப்பு கூடிய (அதாவது அதிகம் நிறைவுறாத) அமிலங்கள் முந்துகின்றன. நடுங்கும் தசைக்கும் சிறகடிக்கும் தசைக்கும் அது வசதி.

சிவந்த கண் கொண்ட வைரியோ என்ற வட அமெரிக்கப் பறவையை இருவகைத் தீனியில் வளர்த்து ஓடவிட்டுப் பார்த்த ஆய்வில், உடல் கொழுப்பு அதிகம் நிறைவுறாததாக இருந்தவை உச்ச உழைப்பில் அதிக ஆக்சிஜனைப் பயன்படுத்தின. ஆனால் மஞ்சள் பிட்டக் கதிர்க்குருவியைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்ட இன்னொரு ஆய்வில், தீனியின் ஒமேகா வகை தசை நொதிகளை மாற்றியதே தவிர நெடும்பறத்தலின் திறனை மாற்றவில்லை. எனவே "ஒமேகா-3 ஊக்கமருந்து" என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. கலவையாகக் கொடுங்கள், ஒன்றையே நம்பாதீர்கள். (இதே கதிர்க்குருவி சில புதர்க்கனிகளின் மெழுகையே செரித்துவிடும். மற்ற பல பறவைகளால் முடியாத காரியம்.)

விதையில் சிக்கு வாடை வந்தால் வறுத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். வாடை என்பது நிறைவுறா கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதன் அறிகுறி. வறுத்தால் அது இன்னும் வேகமாகும், விதையிலுள்ள வைட்டமின் ஈயும் அழியும். உடைத்த ஆளி சில நாட்களிலேயே கெடும், முழு விதை மாதக்கணக்கில் நிற்கும். வாங்கும்போதே சிறிய அளவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த இருட்டில் வையுங்கள். நிலக்கடலையில் பூஞ்சை இருந்தால் காறல் மட்டுமல்ல, ஈரலைத் தாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நச்சும் இருக்கக்கூடும்.

கோடையில் கொழுப்பை நிறுத்திவிடுவது நல்லதுதானே? சூடு கூடும் என்கிறார்கள்.

தின்ற பிறகு உடம்பில் எழும் கூடுதல் சூடு புரதத்துக்குத்தான் அதிகம், கொழுப்புக்குக் குறைவு. அதிலும் வெயிலில் பறவை தின்பதே குறைந்துவிடும். தின்னும் கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டும். எனவே முற்றாக நிறுத்தாமல் குளிர்கால அளவில் பாதியாக்குங்கள். தீனியை விடியலிலும் மாலையிலும் வையுங்கள், நடுப்பகலில் செரிமானச் சூடு சேராமல் இருக்கும்.

கொழுப்பைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயம். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. பாடும் பறவைகள் அலகைத் திறந்து இளைத்தே சூட்டை வெளியேற்றுகின்றன, அந்த இளைப்பே உழைப்பாகி மேலும் சூட்டைக் கூட்டுகிறது. தோல்வழி ஆவியாதலை அதிகம் நம்பும் புறாக்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2009 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 45 டிகிரியைத் தாண்டிய வெயிலில் பாலைவனத்துக்கே பழகிய ஜீப்ரா ஃபின்ச்சுகளும் பட்ஜி கிளிகளும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாய் திறந்து இளைக்கும் பறவையை உடனே நிழலுக்கு மாற்றி, குளிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள்.

தோட்டத்துக்கு வரும் காட்டுக் குருவிகளுக்குக் குளிர்காலத்தில் கொழுப்பு உருண்டை தொங்கவிடலாமா?

கடும்பனியில் உதவும், ஆனால் அதில் நன்மை மட்டும் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் காடுகளில் நீலப் பட்டாணிக்குருவிகளுக்குக் குளிர்காலத்தில் கொழுப்பு வைத்து, அடுத்த வசந்தத்தில் இனப்பெருக்கத்தைப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. கொழுப்பு கிடைத்த காடுகளில் பிறந்த குஞ்சுகள் எடையும் உருவமும் குறைந்தவை, பிழைத்தவையும் குறைவு. புரதத்துக்கும் நுண்சத்துகளுக்கும் வெறும் ஆற்றல் ஈடாவதில்லை என்பது ஒரு விளக்கம். இல்லாவிட்டால் சாகக்கூடிய நலிந்த பறவைகளும் பிழைத்து இனப்பெருக்கத்தில் சேர்ந்துகொள்வது இன்னொரு விளக்கம்.

கொழுத்த குருவி எழும்பிப் பறப்பது மந்தமாகும் என்பதால் பறவையே தன் எடையைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். பிரிட்டனில் குருவிப் பருந்துகள் அருகியிருந்த ஆண்டுகளில் பெரிய பட்டாணிக்குருவிகள் எடை கூடின, பருந்துகள் திரும்பியதும் குறைத்துக்கொண்டன. உருண்டை வைப்பதானால் உப்பில்லாத கெட்டிக் கொழுப்பாக இருக்கட்டும். சமையலில் மிஞ்சிய கொழுப்பும் மார்கரீனும் இறகில் ஒட்டி நீர் புகாத் தன்மையைக் கெடுக்கும். வெயில் ஏறி உருண்டை உருகத் தொடங்கிய நாளோடு எடுத்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் ஃபின்ச்சின் வளர்சிதை மாற்றத்தை அளக்கிறேன். சுவாச விகிதம் (வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தது) 0.63 வருகிறது. கொழுப்பு எரிந்தால் 0.7 தானே வர வேண்டும்?

கொழுப்புக்கு ஏறக்குறைய 0.71, மாவுச்சத்துக்கு 1.0. 0.71க்கும் கீழே இறங்கினால் பறவையைக் குற்றம் சொல்லும் முன் கருவியைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு அளவிக்குத் தெரிந்த செறிவுள்ள வாயுவைச் செலுத்தி அளவுதிருத்தம் செய்தீர்களா? காற்றின் ஈரத்தை உறிஞ்ச வைக்கும் உலர்த்தும் பொருள் ஈரமாகியிருந்தால் அது கார்பன் டை ஆக்சைடையும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். மாற்றுங்கள். அளவிக்குப் போகும் குழாயில் வெளிக்காற்று கசிவது இங்கே காரணமாகாது: இரு வாயுக்களின் மாற்றமும் ஒரே அளவில் நீர்த்துப்போவதால் விகிதம் மாறாது, ஆனால் ஆக்சிஜன் செலவு குறைவாகத் தெரியும்.

காற்றோட்டத்தையும் பாருங்கள். 20 கிராம் பறவை ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி ஆக்சிஜன் எடுக்கும். நிமிடத்துக்கு 500 மில்லி காற்று போனால் ஆக்சிஜன் 20.95 சதவீதத்திலிருந்து 20.75 ஆகும், 0.2 சதவீத வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 2 லிட்டர் செலுத்தினால் வித்தியாசம் 0.05 ஆகி, அளவியின் தடுமாற்றத்தில் கரைந்துபோகக்கூடும்.

ஓய்வு அளவு எடுக்கிறீர்கள் என்றால், பறவையின் ஓய்வு நேரமான இரவில், இருட்டில், தீனியை அகற்றி மூன்று நான்கு மணி நேரம் கழித்து, 30 டிகிரிக்குச் சற்று மேல் அளவெடுங்கள். எச்சத்திலிருந்து எழும் ஈரம் நீராவிக் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, பறவை நிற்கும் கம்பிவலைக்குக் கீழே திரவ பாரஃபின் (ஒருவகை மினரல் எண்ணெய்) ஒரு சென்டிமீட்டர் ஊற்றுங்கள். வெப்பநிலையை மாற்றும்போது ஒவ்வொரு படியிலும் குறைந்தது அரை மணி நேரம் விட்டு, கோடு சமமாக ஓடும் பகுதியை மட்டும் எடுங்கள். உச்ச நடுக்கத்தை அளக்க ஹீலியம் 79, ஆக்சிஜன் 21 சதவீதக் கலவை உதவும். ஹீலியம் நைட்ரஜனைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் மிகக் கடுங்குளிர் தேவையில்லை. ஆக்சிஜன் செலவு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியதும், பறவையின் உடல் வெப்பம் விழுவதற்குள், நிறுத்தி வெளியே எடுத்துவிடுங்கள்.