"ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எழுதிக் குடு": தீபாவளி சீசனில் கை முறிந்த பெண்ணுக்குச் சட்டம் தரும் வழி

கேள்வி: எனக்கு 23 வயது. சொந்த ஊர் தென்காசி பக்கம். தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் இரண்டு வருடமாக சேல்ஸ் கேர்ள் வேலை. சம்பளம் 12,000. கடை ஹாஸ்டலில்தான் தங்கியிருந்தேன். இந்த தீபாவளி சீசனில் காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி பதினொன்று வரை வேலை. ஒரு மாதம் லீவும் கிடையாது, வார ஆஃபும் கிடையாது. அக்டோபர் முதல் வாரம், இரவு பத்தரை மணிக்கு மூன்றாவது மாடி குடோனில் புடவைப் பெட்டி எடுக்க ஏணியில் ஏறினேன். ஏணியின் ஒரு காலில் ரப்பர் இல்லை. சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஃப்ளோர் மேனேஜர், "ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று டாக்டரிடம் சொன்னார். வலியில் நான் எதுவும் பேசவில்லை. போன வாரம் போன் செய்து, "உன் கவனக்குறைவு, கடை பொறுப்பில்ல. ரூம்ல விழுந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா 15,000 தர்றோம். வேலைக்கு இனி வர வேண்டாம்" என்கிறார்கள். என் பத்தாம் வகுப்பு சான்றிதழும் அவர்களிடம்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். அவர்கள் 15,000 கொடுத்து வாங்கப் பார்ப்பது உங்கள் வாயால் வரும் அந்த ஒரு வரியைத்தான். அதற்கு ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று பார்ப்போம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்துக்குள் வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிக்க வேண்டியது 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். கடை தன் பங்காக 3.25 சதவீதம், 390 ரூபாய் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா, பத்து இலக்க இன்சூரன்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டே கொடுப்பதில்லையா? 1800-11-2526 என்ற இ.எஸ்.ஐ. இலவச எண்ணில் கேளுங்கள். உங்களைச் சேர்க்கவே இல்லை என்று தெரிய வந்தாலும் கலங்க வேண்டாம். கடை பணம் கட்டாத தவறுக்கு இ.எஸ்.ஐ. நிறுவனம் உங்களுக்கு உதவித்தொகை கொடுத்துவிட்டுக் கடையிடம் வசூலித்துக்கொள்ளலாம். சட்டத்தின் 68-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது.

வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, கை குணமாகி வேலைக்குத் திரும்பும் வரை சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் உதவித்தொகை கிடைக்கும். உங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 360 ரூபாய். இரண்டு மாதம் என்றாலே 21,600 ஆகிவிடுகிறது. மணிக்கட்டு பழையபடி மடங்கவில்லை, பெட்டி தூக்க முடியவில்லை என்றால், மருத்துவக் குழு இழப்பைக் கணித்து நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை தனியாக வரும். இதற்கு முன்னால் 15,000 என்ன தொகை என்று நீங்களே பாருங்கள். "ரூம்ல விழுந்தேன்" என்று எழுதிக் கொடுத்த மறுநிமிடம் இது வேலைக் காயம் இல்லை என்றாகிவிடும்.

அடுத்து அந்தக் "கவனக்குறைவு". சீசன் நேரத்து விபத்துக் கேஸ் எதை எடுத்தாலும் முதலாளி தரப்பிலிருந்து வரும் முதல் சொல் இதுதான். இ.எஸ்.ஐ. சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. வேலை நேரத்தில் நடந்த விபத்து வேலையால் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 51ஏ பிரிவு. மறுத்துப் பேசுகிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். 51பி இன்னும் ஒரு படி மேலே போகிறது: கடை விதியை மீறிச் செய்த காரியமாக இருந்தாலும், கடை வேலைக்காகச் செய்ததென்றால் அது வேலை விபத்தே. பெட்டி எடுக்க ஏறியது கடைக்காகத்தானே? 2025 நவம்பர் 21 முதல் இ.எஸ்.ஐ. சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டதால் நான் பழைய சட்டப் பிரிவுகளையே சொல்கிறேன்.

அதனால்தான் கவனக்குறைவோடு நிற்காமல், விழுந்த இடத்தையே மாற்றப் பார்க்கிறார்கள். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவில், எங்கே எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுவார்கள். நம் ஊரில் பாதிக் கேஸ்கள் அந்த ஒரு வரியில் ஜெயிக்கின்றன, அல்லது தோற்கின்றன. உங்கள் விஷயத்தில் அந்த வரியை மேனேஜர் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, உண்மையில் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இதையும் என் கேஸ் ஷீட்டில் சேருங்கள் என்று கேளுங்கள். பழைய வரியை அவர்கள் அடிக்க மாட்டார்கள். உங்கள் தாள் தேதியோடு உள்ளே போனால் போதும். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில் எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். பில்லைக் கட்டியது கடையா என்று கவனியுங்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று இருக்கிறது: ஹாஸ்டல் வாசலில் வார்டன் வைத்திருக்கும் நோட்டு. பெண்கள் இரவில் திரும்பி வந்ததும் அதில் பெயரும் நேரமும் போடுவார்கள். அன்றைக்கு நீங்கள் குடோனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்கள். நோட்டில் உங்கள் பெயர் இருக்காது. ஹாஸ்டலுக்கே வராத பெண் ஹாஸ்டல் பாத்ரூமில் எப்படி விழுந்தாள்? கடை யூனிஃபார்ம் புடவையோடு எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தாள்? குறுக்கு விசாரணையில் இந்த இரண்டு கேள்விக்கும் அந்த மேனேஜர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். உள்ளே இருக்கும் தோழி யாராவது அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அவளுக்குச் சிக்கல் வரும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி ஆணை வாங்கிக்கொள்ளலாம்.

மற்றபடி, "இன்னிக்கு எல்லாரும் 11 வரை" என்கிற மாதிரி வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்திகள் இருந்தால், உங்களைக் குரூப்பிலிருந்து நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடுத்த முறை போன் வந்தால் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதைக் கடிதத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

வேலை நேரத்தைப் பற்றி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரம் 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரம் 54. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 24 மணி நேரமும் திறக்க அரசாணைப்படி அனுமதி உள்ள கடை என்றாலும் பத்தரை மணி நேரமும் வாரம் 57-மும்தான் உச்சவரம்பு. இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை நிறுத்த எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். வார விடுமுறை எந்த சீசனிலும் உங்கள் உரிமை. 2021-ல் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 22ஏ பிரிவையும் சேர்த்தார்கள். (ஸ்டூல் பல கடைகளில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் வரும் நாளில்.) பதின்மூன்று மணி நேரம் நின்ற காலோடு, ரப்பர் இல்லாத ஏணியில் ஏறச் சொன்னார்கள் என்பது உங்கள் கேஸின் பின்னணி. புகாரில் இதையும் எழுதுங்கள். இரட்டைச் சம்பளப் பாக்கியையும் கேளுங்கள்.

வேலையை விட்டு நிறுத்தியது தனி விஷயம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும், அல்லது அதற்கான சம்பளமும், இல்லாமல் நீக்க முடியாது என்கிறது இதே சட்டத்தின் 41-வது பிரிவு. வாயால் சொன்னாலும் நீக்கம் நீக்கம்தான். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் இருக்கிறது, போன வாரமே அது ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு தொழிலாளர் துணை ஆணையரிடம். வேலை நேரப் புகார் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (அமலாக்கம்). தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் விசாரித்தால் உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்று சொல்வார்கள். இ.எஸ்.ஐ. விஷயத்துக்குக் கடை எந்தக் கிளை அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே மனு. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு போன் செய்யுங்கள்.

சான்றிதழைப் பிடித்து வைக்க எந்தக் கடைக்கும் உரிமை கிடையாது. அதையும் கடிதத்தில் கேளுங்கள், போனில் கேட்டால் அலைக்கழிப்பார்கள்.

இன்னும் கடையில் இருக்கும் உங்கள் தோழிகளுக்கு ஒன்று. பொங்கல் சரக்கு வந்ததும் மாடிப்படியிலும் அவசர வழியிலும் பெட்டி அடுக்குவார்கள். 2017 மே 31 அன்று தி.நகரில் ஏழு மாடித் துணிக்கடை தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. படியில் பெட்டி இருந்தால் தேதியோடு ஒரு படம் எடுத்து, பெயர் போட பயமாக இருந்தால் பெயரில்லாமலாவது தீயணைப்புத் துறைக்கு அனுப்பட்டும்.

சரி, கடிதம். இவ்வளவு எழுதினால் போதும்: "நான் அக்டோபர் (தேதி) இரவு சுமார் 10.30 மணிக்கு மூன்றாவது மாடி குடோனில் கடை வேலையாக ஏணியில் ஏறியபோது விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஏணியின் ஒரு காலில் ரப்பர் இல்லை. விபத்தைப் பதிவேட்டில் எழுதி இ.எஸ்.ஐ. நிறுவனத்துக்குப் படிவம் 12-ல் தெரிவிக்கவும். அன்றைய குடோன் கேமரா பதிவையும் ஹாஸ்டல் வருகை நோட்டையும் அழிக்காமல் வைக்கவும். டாக்டர் அனுமதித்ததும் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். என் அசல் சான்றிதழைத் திருப்பித் தரவும்." இடது கையால் எழுத வராவிட்டால் அம்மாவோ தம்பியோ எழுதட்டும், நீங்கள் ரேகை வையுங்கள். ஸ்பீடு போஸ்டில் பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டுக் கடை முதலாளி பெயருக்கு அனுப்பி, நகலை இ.எஸ்.ஐ. கிளைக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், மேல்முறையீட்டு மனுவோடு அதை இணைக்க வேண்டும்.