திடலில் போட்ட உரம் குட்டைக்குப் போகிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உள்ள செம்மண் திடலுக்கு மாதாமாதம் 15-15-15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் உள்ளது) போடுகிறோம். பெரிய மழை பெய்தால் கீழே உள்ள குட்டை பச்சை பாய்ந்துவிடுகிறது. உரத்தில் உள்ள பாஸ்பரஸ்தான் பாசியை வளர்க்கிறதாம். படிகாரம் தூவினால் அது மண்ணிலேயே நிற்குமாமே?

பதில்: படிகாரத்தில் உள்ள அலுமினியம் பாஸ்பரஸைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் ஏற்கெனவே நிறைய உண்டு. இந்த மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4 முதல் 5 வரைதான். படிகாரம் போட்டால் இன்னும் புளித்து, புல்லின் வேர் கெடும். தூவாதீர்கள்.

செம்மண்ணில் பாஸ்பரஸ் கரைந்து ஓடுவதைவிட, மண்துகளோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதே அதிகம். மழை பெய்யும்போது கால்வாயைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடினால், உங்கள் உரக்காசு அதில்தான் போகிறது. கோல் கம்பத்தடியிலும் சரிவிலும் புல் தேய்ந்த இடங்களை முதலில் மூடுங்கள். கால்வாய் ஓரத்தில் உரமே வேண்டாம். அப்புறம், அந்த மாதாந்திர வழக்கத்தையும் விடுங்கள். 50 கிலோ மூட்டையில் சுமார் 3.3 கிலோ தனிப் பாஸ்பரஸ் இருக்கிறது. வெட்டிய புல்லை அங்கேயே விட்டால், வேரூன்றிய திடலுக்கு அவ்வளவு தேவைப்படாது. பசுமைக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளித் தோட்டம் பழைய வெள்ளீயச் சுரங்க மணலில் இருக்கிறது. என்ன போட்டாலும் நிற்பதில்லை.

பதில்: மண்ணில் ஏதாவது கலப்பதால் பலன் கிடைக்கும் இடம் இதுதான். மணலில் பாஸ்பரஸைப் பிடிக்க எதுவுமே இல்லை. மேட்டுநிலத்துச் செம்மண்ணை, குறிப்பாக உரம் படாத அடிமண்ணை, மேல் 15 சென்டிமீட்டரில் கலந்துவிடுங்கள். அதில் உள்ள இரும்பு பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள்.

நீர் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அலுமினியக் கசடு மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகளின்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. யாராவது சும்மா தருகிறேன் என்றாலும் லாரியில் ஏற்றி வந்து பள்ளியில் கொட்டக் கூடாது.

கேள்வி: செக்காம் பாக்கார் (கருக்கிய நெல் உமி) போடலாமா?

பதில்: ஈரம் காக்கப் போடலாம். பாஸ்பரஸைப் பிடிக்கும் என்று நம்பிப் போடாதீர்கள். கரியும் பாஸ்பேட்டும் இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒட்டாது.

கேள்வி: கோயில் பூந்தோட்டத்துக்குப் பல வருடமாகக் கோழி எரு போடுகிறோம். தொடரலாமா?

பதில்: ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள். செடிக்கு வேண்டிய தழைச்சத்தை எருவிலேயே கொடுக்கப் பார்த்தால், பாஸ்பரஸ் தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். தோட்டத்தில் 10, 15 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரை கிலோவைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நம் புளிப்பு மண்ணுக்கு ‘பிரே’ முறையில் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். அளவு அதிகம் என்று வந்தால், மறுபடி இறங்கும்வரை எருவைத் தொடாதீர்கள்.