பிராட்வேயின் ‘ஜிப்சி ரோப்’ ஏன் ‘லெகசி ரோப்’ ஆனது?

நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் புது இசை நாடகம் தொடங்கும் இரவில், கோரஸ் கலைஞர்களில் (குழுவாக ஆடிப் பாடுபவர்களில்) யார் அதிக பிராட்வே நாடகங்களில் ஆடியிருக்கிறாரோ அவருக்கு ஓர் அங்கியை (ஆங்கிலத்தில் ‘ரோப்’) போர்த்துவார்கள். அவர் மேடையை மூன்று முறை சுற்றி வருவார், மற்றவர்கள் கைநீட்டி அதைத் தொட்டுக்கொள்வார்கள், அப்புறம் அந்த நாடகத்தின் நினைவாக ஏதாவதொன்றை அங்கியில் தைத்து அடுத்த குழுவிடம் கொடுப்பார்கள். 1950-ல் தொடங்கிய அழகான வழக்கம் இது.

சரி, பெயர்? ஒரு நாடகம் முடிந்ததும் இன்னொன்றைத் தேடிப்போகும் கோரஸ் கலைஞர்கள் தங்களையே ‘ஜிப்சி’ என்று பாசமாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அது ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்களை மற்றவர்கள் இழிவாக அழைத்த சொல். நாஜிகளிடம் லட்சக்கணக்கில் உயிரிழந்த மக்கள் அவர்கள். அதனால்தான் 2018-ல் நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி பெயரை ‘லெகசி ரோப்’ (மரபு அங்கி) என்று மாற்றியது.

பள்ளியில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் வலிக்கிறது என்று நண்பன் சொன்னால், அதை விட்டுவிட்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம், நட்பு அப்படியேதான் இருக்கிறது, இல்லையா? அதுபோலத்தான்.

‘வரலாற்றையே அழித்துவிட்டார்கள்’ என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அதே சடங்கு இன்றும் நடக்கிறது, தைக்க இடமில்லாமல் நிரம்பிய பழைய அங்கிகள் சில நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன.