டிப்ஸைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் அந்த நான்கு மாதம்?

கலிபோர்னியா சன்னிவேலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அங்கே ஒரு தென்னிந்திய உணவகத்தில் 2024 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை சர்வர் வேலை. வாரம் 30 மணி நேரம்: சன்னிவேலில் 20, சாண்டா கிளாரா கிளையில் 10. ஓனர் இவருடைய ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. 2024இல் மணிக்கு 16 டாலர், 2025இல் 16.50 கொடுத்தார். குறைகிறதே என்று கேட்டதற்கு, "டிப்ஸோட சேர்த்தா இருபத்தஞ்சு வருதேம்மா" என்றவர், இரண்டு வாரத்தில் வேலையை விட்டே நிறுத்திவிட்டார். மானேஜரான ஓனரின் மச்சான் தினமும் டிப்ஸில் பங்கு எடுத்திருக்கிறார், வாடிக்கையாளர் முன்னால் ஒருமையில் திட்டியிருக்கிறார். இப்போது 3,000 டாலர் செக்கும், 'வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது' என்று கையெழுத்துக் கேட்டு ஒரு தாளும் வந்திருக்கின்றன. டாலஸில் இருக்கும் அண்ணனோ, "டிப்ஸ் வாங்கறவங்களுக்கு 2.13 டாலர் கொடுத்தாலே போதும், கேஸ் நிக்காது" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

சகோதரி, போடாதீர்கள். செக்கையும் இப்போதைக்கு வங்கியில் போட வேண்டாம்.

உங்கள் அண்ணன் சொல்வது டெக்சஸுக்குச் சரி. மத்திய சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். அதில் 2.13ஐ மட்டும் கையில் கொடுத்து, மீதியை டிப்ஸில் ஈடுகட்ட அது முதலாளிக்கு வழி விடுகிறது. கலிபோர்னியாவில் அந்தக் கழிவே கிடையாது. டிப்ஸ் எத்தனை வந்தாலும் முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஓனரின் இருபத்தைந்து டாலர் கணக்கு நிற்காது.

ஓனர் கொடுத்தது மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி. 2024இல் 16, 2025இல் 16.50 என்பது கலிபோர்னியாவின் எண். சன்னிவேல் நகரத்தின் எண் 18.55, பிறகு 19. சாண்டா கிளாராவில் 17.75, பிறகு 18.20. நகரத்துக்குள் வாரம் 2 மணி நேரம் வேலை செய்தாலே அந்த நகரத்தின் கூலி பொருந்தும். உங்கள் கேஸ் இவ்வளவுதான்: எந்த நகரத்தில், எத்தனை மணி நேரம். கூப்பிட்டு வேலை கொடுத்தவரே இப்படிச் செய்தாரே என்ற வலி உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. ஆனால் மச்சான் திட்டியதற்கும் ஓனர் உறவை மறந்ததற்கும், கூலிப் புகார்களை விசாரிக்கும் மாநில அதிகாரியான லேபர் கமிஷனரிடம் நிவாரணம் இல்லை. அதையெல்லாம் மனுவில் எழுதினால், மணிக்கணக்கு அதற்கடியில் புதைந்துபோகும்.

டிப்ஸில் கிச்சன் ஆட்களுக்குப் போன பங்கு இங்கே தவறில்லை. மானேஜர் எடுத்தது தவறு. ஆனால் தினமும் எவ்வளவு எடுத்தார் என்று உங்களிடம் குறிப்பு இல்லை, அதனால் அதை முதல் கோரிக்கையாக வைக்காதீர்கள். கேட்ட இரண்டு வாரத்தில் வேலையை விட்டு நிறுத்தியது வேறு விஷயம், அது கனமானது. கூலி பற்றிப் புகார் சொன்ன 90 நாளுக்குள் நடவடிக்கை எடுத்தால், அது பழிவாங்கல் என்றே இங்கே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லையென்று காட்டுவது ஓனரின் பொறுப்பு. அந்தப் புகாருக்கு ஒரு வருடம்தான் கெடு.

சரி, உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்துக்கு வருகிறேன். 2024இல் உங்கள் எச்-4 இ.ஏ.டி. கார்டு (கணவரின் விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை) காலாவதியாகி, புதியது வரும்வரை நான்கு மாதம், அதே சம்பளத்தைக் கேஷாக வாங்கிக்கொண்டு வேலை பார்த்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நான் படிப்பதை நிறுத்தியது அங்கேதான்.

அந்த மாதங்களுக்கும் கூலிப் பாக்கி உங்களுக்கு உண்டு. குடிவரவு நிலையைக் காரணம் காட்டி இந்த மாநிலத்தில் கூலியை மறுக்க முடியாது, லேபர் கமிஷனரும் அதைக் கேட்க மாட்டார். இதை இணையத்தில் படித்துவிட்டு, எல்லா மாதங்களையும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வருடம் கழித்துக் கணவரோடு கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் நிரப்பும்போது, அனுமதியில்லாமல் வேலை செய்ததுண்டா என்ற கேள்வி வருகிறது. 'இல்லை' என்று எழுதினால், அவர்கள் கையெழுத்தே அவர்களுக்கு எதிரான சாட்சி. அப்போது பிரச்சினை வேலை பார்த்தது மட்டுமல்ல, பொய் சொன்னதும்தான். முன்னதற்கு, வேலைவழி கிரீன் கார்டு கேட்பவர்களுக்குச் சட்டத்தில் 180 நாள் வரை மன்னிப்பு இருக்கிறது. பின்னதற்கு அது உதவாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) உள்ள வாரங்கள் 2024இல் 34, 2025இல் 50. அவற்றுக்கு வித்தியாசம் 5,679 டாலர். கேஷாக வாங்கிய 16 வாரங்களின் வித்தியாசம் 1,096 டாலர். இந்த ஆயிரத்து நூறு டாலருக்காக உங்கள் குடும்பத்தின் கிரீன் கார்டு ஃபைலில் கை வைக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒருவேளை அந்த மாதங்களில் உங்களுக்கு அனுமதி இருந்திருக்கவும் கூடும். கார்டு முடியும் முன்பே புதுப்பிக்க மனுப் போட்டு, எச்-4 ஐ-94உம் (எந்தத் தேதி வரை இங்கே தங்கலாம் என்ற பதிவு) செல்லுபடியாக இருந்திருந்தால், அன்றைய விதிப்படி வேலை அனுமதி தானாக நீண்டிருக்கும். ரசீதையும் ஐ-94ஐயும் பார்த்து ஒரு குடிவரவு வக்கீல் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். மனுப் போடும் முன் அவரைப் பாருங்கள். பே ஸ்டப் உள்ள வாரங்களுக்கு மட்டும் பாக்கி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் விசாரணையில் சத்தியம் செய்த பிறகு யாராவது கேட்டால், அந்த மாதங்களில் வேலை பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், விசாரணை வரை போகாமல் சமரசத்தில் முடித்துவிடுங்கள். 5,679க்கு அதே அளவு இழப்பீடும் 10 சதவீத வட்டியும் கேட்கலாம். கடைசி நாளில் முழுப் பாக்கியைத் தராததற்கு 30 நாள் கூலி வரை அபராதம் உண்டு, அது சுமார் 3,400 டாலர். எல்லாம் சேர்த்து வட்டி நீங்கலாகவே பதினான்காயிரத்துச் சொச்சம் வருகிறது. ஓனர் ஒரே செக்காக 9,000 கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தவணை என்றால், ஒன்று தவறினாலும் மீதி மொத்தமும் உடனே தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு தவணையோடு கடையையே மூடிவிட்ட ஓனர்களை எனக்குத் தெரியும்.

இப்போது வந்திருக்கும் தாள் எப்படியும் செல்லாது என்று நினைத்து அலட்சியமாக இருக்காதீர்கள். மறுக்கப்படாத கூலிக்கு அப்படி எழுதி வாங்குவதுதான் செல்லாது. எவ்வளவு பாக்கி என்பதிலேயே உண்மையான தகராறு இருந்தால், அந்தக் கையெழுத்து கட்டுப்படுத்தும் என்று இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஓனர் உங்கள் விசாவை வைத்து மிரட்டினால் அதுவே தனிக் குற்றச்சாட்டு, அந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள். நீங்களும் கோபத்தில் "பணம் தராவிட்டால் ஐ.ஆர்.எஸ்.ஸில் (வரித் துறையில்) சொல்லிவிடுவேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடாதீர்கள். பணத்துக்காக அப்படி மிரட்டியதாக உங்கள் மேலேயே புகார் திரும்பும்.

கூலிக்குக் கெடு மூன்று வருடம். 2026 முடிந்தால், 2024 ஜனவரியின் வாரங்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகத் தொடங்கும். இந்த வாரமே பே ஸ்டப்களையும், எந்த நாள் எந்தக் கிளை என்று ஷிப்ட் அனுப்பிய மெசேஜ்களையும் எடுத்து அடுக்குங்கள்.